ஆச்சி எங்கே போனாள்?

அம்மாவைப் பெற்ற ஆச்சி கடைசிவரை இந்துதான். அம்மா கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். ஆச்சியை யாரும் மாறச் சொல்லவில்லை, அவளும் மாறவில்லை. ஆனால் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் வருவாள். மெழுகுதிரியை ஏற்றிவிட்டு, காற்றில் அணைந்துவிடாமல் கையைக் குவித்து மறைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள்.

அவள் இறந்த மூன்றாம் நாள் ஜெபிக்க வந்த ஒருவர் அம்மாவிடம், "பாட்டி இரட்சிக்கப்பட்டவங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் மத்தேயு 25:46-ஐ எடுத்து வாசித்தார். நித்திய ஆக்கினை, அதாவது முடிவேயில்லாத தண்டனை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆச்சியின் பாக்குவெட்டியை மடியில் வைத்து, திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதே கேள்வியை ஜப்பானில் சவேரியாரிடம் கேட்டிருக்கிறார்கள். 1549-ல் அங்கே வேதம் போதிக்கப் போனவர், திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார். புதிதாக மனந்திரும்பியவர்கள், செத்துப்போன தாய் தகப்பனையும் பிள்ளைகளையும் நினைத்து, ஜெபத்தால் அவர்களை மீட்க வழி உண்டா என்று அழுதிருக்கிறார்கள். வழியே இல்லை என்றுதான் அவர் சொல்லவேண்டி வந்தது. அவர்கள் படும் வேதனையைப் பார்த்துத் தனக்கும் கண்ணீர் முட்டியது என்று எழுதுகிறார். முத்துக்குளித்துறையில் தமிழ் ஜெபங்களை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊர் ஊராக நடந்த அதே மனிதர்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. திருச்சபைக்கு வெளியே இறப்பவர்களுக்கு நித்திய நெருப்புதான் என்று 1442-லேயே திருச்சபைத் தலைவர்கள் கூடிய ஃபிளாரன்ஸ் பொதுச்சங்கம் எழுதி வைத்திருந்தது. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் அந்தக் கண்ணீர் இருக்கிறதே, அது அவர் படித்த பாடத்தைவிடக் கடவுளுக்குக் கிட்டத்தில் இருந்தது என்று நான் நம்புகிறேன்.

திருச்சபை அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல் போனாலும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி வாழ்பவர்கள் மீட்படைய முடியும் என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கும் மீட்பு உண்டு என்று நம்பக் காரணம் இருக்கிறது என 2007-ல் இன்னொரு ஏடு ரோமிலிருந்து வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனை தாய்மார் அதற்குள் அழுதே போய்ச் சேர்ந்திருப்பார்கள்!

நரகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அடுத்தவன் வாழ்க்கையைச் சீரழித்துவிட்டு மனம் கசியாமல் சாகிறவனும் உண்டு. பாதிக்கப்பட்டவனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும். கடவுள் வேண்டவே வேண்டாம் என்று ஒருவன் கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியும். ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று யார் சொல்ல முடியும்? ஆயிரக்கணக்கான பேரைப் புனிதர் என்று அறிவித்த கத்தோலிக்கத் திருச்சபை, ஒருவரைக்கூட, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைக்கூட, நரகத்தில் இருப்பதாக அறிவித்தது கிடையாது.

அப்புறம், அன்றைக்கு வந்தவர் வாசித்தது 46-ஆம் வசனம். பத்துப் பதினோரு வசனம் முன்னால் போய், கடைசி நியாயத்தீர்ப்பில் இயேசு சொல்வதை வாசித்திருக்கலாம். பசியாயிருந்தேன், உணவு கொடுத்தீர்கள். தாகமாயிருந்தேன், தண்ணீர் கொடுத்தீர்கள். அந்த நியாயத்தீர்ப்பில் நீ எந்தச் சபை, எப்போது ஞானஸ்நானம் என்ற கேள்வியே இல்லை. மீட்புப் பெற்று வலது பக்கம் நிற்கிறவர்களுக்கே, ஆண்டவரே எப்போது உமக்குச் செய்தோம் என்று ஆச்சரியம்! ஆச்சி வீட்டுத் திண்ணையில் யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால், பழையதாவது கரைத்துக் கொடுக்காமல் அனுப்பமாட்டாள்.

எல்லாரும் கரையேற வழியிருந்தால் சுவிசேஷம் எதற்கு என்று கேட்பார்கள். நல்ல செய்தியை, அது நல்ல செய்தி என்பதற்காகவே சொல்லலாமே. செத்தவளைக் காட்டி மகளைப் பயமுறுத்தித்தான் சொல்லவேண்டுமா?

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால், இறந்தவர்கள் பெயரைக் கோயிலில் எழுதிக் கொடுப்போம். முதல் வருஷம் அம்மா தயங்கித் தயங்கித்தான் ஆச்சி பெயரைச் சொன்னாள். உபதேசியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாத்தா பெயரையும் கேட்டு, இரண்டையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.