எத்தனை மாசம் லீவு என்று கேட்காதீர்கள்

வெளிநாட்டில் ஊழியம் செய்கிற குடும்பம் மூன்று வருஷம் கழித்து ஊர் வந்து இறங்குகிறது. சபை வாசலில் முதல் கேள்வி: "எத்தனை மாசம் லீவு, பிரதர்?" கோளாறு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறது. ஐயா, அது லீவு இல்லை. பழைய மிஷன்காரர்கள் ஃபர்லோ என்றார்கள், இப்போது தாயகப் பணிக்காலம் என்கிறார்கள். எந்தப் பெயர் சொன்னாலும், அது தாங்குகிற சபைகளை நேரில் போய்ப் பார்த்துப் பேசுகிற வேலை.

மூன்று மாதம் என்றால் 13 ஞாயிறு. பதின்மூன்றுக்கும் சபைகள் புக் ஆகிவிடும். மிச்ச நாட்களில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும், ஏனென்றால் ஆறு மாதமாவது செல்லுபடி இல்லையென்றால் பல நாடுகள் உள்ளே விடாது. விசாவுக்குப் போலீஸ் சான்றிதழ். மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்ட பல் வைத்தியம், பிள்ளைகளுக்கு விட்டுப்போன தடுப்பூசி, கேஒய்சி கொடுக்காததால் முடங்கிக் கிடக்கும் வங்கிக் கணக்கு. முடியவில்லை என்று தங்குவதை நினைத்தபடி நீட்டிக்கவும் வழி இல்லை. ஜெர்மனியில் வதிவிட அனுமதி வைத்திருப்பவர் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதியே செல்லாமல் போகும். இதற்குள் எங்கே இருக்கிறது ஓய்வு?

நேர வித்தியாசத்துக்கு உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் பழகும். 9 மணி நேர வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 9 நாள். சனிக்கிழமை ராத்திரி இறங்கியவரை ஞாயிறு காலை முதல் ஆராதனைக்குப் பிரசங்கிக்க நிறுத்துகிறீர்கள். அவர் கண் சொருகி நிற்பதைப் பார்த்துவிட்டு "அனல் குறைந்துவிட்டது" என்று காரில் பேசிக்கொண்டு போகிறீர்கள்.

பிள்ளைகளையாவது விடுகிறீர்களா? ஏழு வயதுப் பிள்ளையை மேடையில் ஏற்றி, மைக்கை வாய்க்கு நேரே பிடித்து, "அந்த பாஷையில ஒரு பாட்டு பாடு கண்ணா." அது அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. இருநூறு பேர் கைதட்டக் காத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அது காட்சிப் பாட்டு இல்லை, விட்டுவந்த தோழர்களோடு பேசுகிற பாஷை. ஒவ்வொரு ஞாயிறும் வேறு சபை, அதே மைக்.

இதையெல்லாம் யூடியூபில் நேரலையாக வேறு விடுகிறார்கள், பெயர், நாடு, ஊர் எல்லாம் திரையில் எழுதி. நேபாளத்தில் மதமாற்றக் குற்றத்துக்குச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை. வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பிறகு நாட்டை விட்டே அனுப்புவார்கள். அப்படிப்பட்ட நாட்டில் இருக்கிறவரை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊரறியக் காட்டுவது அன்பா?

ஓய்வு என்று வாய் திறந்தால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்தவர், 1951-ல் சாகும்வரை ஊர் திரும்பவே இல்லையே." உண்மைதான். ஆனால் கொடைக்கானல் எப்படி உண்டானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மதுரையின் வெயிலும் நோயும் தாங்காமல் அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-ல் மலை ஏறிப்போய் பங்களா கட்டினார்கள். உடம்பு தேற இடம் வேண்டும் என்று அந்தக் கால மிஷனுக்கே தெரிந்திருந்தது. வேலை முடித்து வந்து சாப்பிடக்கூட நேரமில்லாதிருந்த சீஷர்களைத் தனியிடத்துக்கு இளைப்பாறக் கூப்பிட்டவர் யார் என்பது மாற்கு 6-ல் இருக்கிறது.

சரி, பணித்தளத்திலாவது விடுமுறை உண்டா? ஜப்பானில் டிசம்பர் 25 வேலை நாள். எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. 2024-ல் மேற்கத்திய ஈஸ்டர் மார்ச் 31, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 5. ஆர்த்தடாக்ஸ் சபை உள்ள நாட்டில் இருக்கிற ஊழியருக்கு இரண்டு காலண்டர், இரண்டு மடங்கு வேலை. அனுப்பின சபைக்கு டிசம்பர் 20-க்குள் வாழ்த்து வீடியோ போக வேண்டும், உள்ளூர் சபையின் பண்டிகையோ அதற்கப்புறம்தான் தொடங்கும். பள்ளி லீவு வந்தால், சில நாள் ஊழியம் பார்க்க ஊரிலிருந்து குறுகியகாலக் குழு வந்து இறங்கும். 12 பேர், 10 நாள். விமான நிலையத்துக்கு வண்டி, படுக்கை, கொதித்து ஆறின தண்ணீர், மொழிபெயர்ப்பு, மூன்றாம் நாள் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. வந்தவர்களுக்கு அது விடுமுறை. ஊழியரின் பிள்ளைகளுக்கும் அதே வாரம்தான் விடுமுறை, அவர்களுடைய அறையைத்தான் விருந்தாளிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அத்தனைக்கும் பிறகு தன் சம்பளத்தில் நான்கு நாள் கடற்கரைக்குப் போய் ஒரு படம் போட்டால், "எங்கள் காணிக்கையில் சுற்றுலாவா?" சம்பளம் சம்பளம்தான், ஊழிய நிதி வேறு கணக்கு. உங்கள் வருடாந்திர விடுப்பில் எங்கே போனீர்கள் என்று உங்கள் முதலாளி கேட்கிறாரா?

ஊழியரை அனுப்புகிற கமிட்டிக்காரர்களே, ஒப்பந்தத்தில் இரண்டையும் இரண்டு வரியாக எழுதுங்கள்: வருடாந்திர விடுப்பு இத்தனை நாள், தாயகப் பணிக்காலம் இத்தனை மாதம். ஒன்றில் மற்றதைக் கழிக்காதீர்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர் என்றால் குடும்பத்தின் டிக்கெட் செலவை 36-ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்குங்கள். கடைசி நேரத்தில் சிறப்புக் காணிக்கை எடுத்து அவரைக் கூனிக் குறுக வைக்காதீர்கள். கூப்பிடுகிற சபை போக்குவரத்துச் செலவை முன்னமே கொடுக்கட்டும். "ஐந்து நிமிஷ சாட்சி" என்று கூப்பிட்டுவிட்டு, வந்து உட்கார்ந்தபின் நாற்பது நிமிஷச் செய்தி கேட்காதீர்கள். வருகிறவர்களின் பட்டியல் வந்ததும் முதலில் காலண்டரை எடுத்து, அவர்கள் இறங்குகிற நாளிலிருந்து இரண்டு ஞாயிறுகளுக்கு நேரே கோடு போடுங்கள். யார் போன் பண்ணிக் கேட்டாலும் அந்தக் கோட்டை அழிக்காதீர்கள்.