கவுன்டர்ஸ்பெல் போடுகிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை

மேஜிக் கார்டு ஆட்டத்தில் கன்ட்ரோல் டெக்கோடு, அதாவது எதிராளி போடுவதைத் தடுத்தே ஆடும் கார்டுக் கட்டோடு, வருகிறவரைக் கண்டாலே பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ஜாலியாக விளையாட வந்த இடத்தில் எதற்கு இந்த வேலை என்று நேராகவே கேட்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கவுன்டர்ஸ்பெல் என்ற கார்டு 1993-ல் வந்த மேஜிக்கின் முதல் தொகுப்பிலேயே உண்டு. லேண்டு கார்டுகளைச் சாய்த்தால் கிடைக்கும் சக்திதான் மானா; 2 நீல மானா இருந்தால் போதும், எதிராளி போடும் மந்திரக் கார்டு செல்லாமல் போய்விடும். எதிரே இருப்பவர் 2 நீல லேண்டைத் தொடாமல் வைத்திருக்கிறார் என்றால் எனக்கு மண்டை காயும். பெரிய கார்டை இப்போதே இறக்கலாமா, சின்னதாக ஒன்றைப் போட்டு அவர் கையைக் காலி செய்யலாமா? அந்த அரை நிமிடத்துக்காகத்தான் நான் விளையாடவே வருகிறேன். அதுவும் கமாண்டர் என்ற ஆட்ட வகையில் 4 பேர், ஆளுக்கு 40 உயிர். மூன்று பேர் போடுவதையெல்லாம் தடுக்க எவர் கையிலும் கார்டு இருக்காது. எதை விடுவது, எதை மறிப்பது என்று அவரும்தான் தவிக்கிறார்.

எல்லா உயிரினங்களையும் ஒரே அடியில் துடைக்கும் ராத் ஆஃப் காட் கார்டு கூட எனக்குச் சரிதான். மறுபடி கட்டலாம்.

என்னால் பொறுக்க முடியாதது விண்டர் ஆர்ப் என்ற கார்டு. அது மேசையில் இருந்தால், சாய்த்த லேண்டுகளில் ஒரு டர்னுக்கு ஒன்றுதான் திரும்ப நிமிரும். எங்கள் வீட்டு ஆட்டம் ஒன்றில் நண்பர் அதை இறக்கினார். புதிதாக வந்த கல்லூரித் தம்பி, காசு சேர்த்து வாங்கிய 100 கார்டுக்கும் உறை போட்டு எடுத்து வந்திருந்தான். ஒரு கார்டு எடுப்பான், ஒரு லேண்டை நிமிர்த்துவான், 'பாஸ்' என்பான். ஒரு மணி நேரம் இதேதான். அப்புறம் 'பாஸ்' சொல்வதையும் விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். எங்களை முடக்கிய நண்பரிடமோ ஜெயிக்க ஒரு வழியும் இல்லை. எனக்கு வலித்தது அதுதான். ஒரு கார்டைத் தடுத்தால் அடுத்ததைப் போடலாம், விளையாடுவதையே தடுத்துவிட்டு ஆட்டத்தையும் முடிக்காமல் இழுத்தால் மற்ற மூவரும் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்?

2025-ல் மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் கமாண்டர் டெக்குகளின் பலத்துக்கு ஏற்ப 5 படிநிலைகள் கொண்டுவந்தபோது, லேண்டுகளைக் கூண்டோடு முடக்கும் கார்டுகள் முதல் 3 படிகளில் வேண்டாம் என்றது. கவுன்டர்ஸ்பெல்லை விட்டுவிட்டது. சரியான இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறவர்கள் நீல டெக்கைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள். விண்டர் ஆர்ப் இருந்தால் மட்டும், அதைப் போட்டபின் எத்தனை டர்னில் ஆட்டத்தை முடிப்பீர்கள் என்று கார்டைக் கலைக்கும் முன்பே கேட்பேன்.