குதிகாலை விட்டுவிட்டுச் சேணத்தைத் திட்டுவானேன்?

சேணம் போடாத குதிரையிலிருந்து ஒரு பெண் பிள்ளை விழுகிற அந்த வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். நம் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த் குரூப்பில் கிளம்பி, ஃபீனிக்ஸ், மாரிட்ஸ்பர்க் எல்லாம் சுற்றி, கடைசியில் கோவில் குரூப்புக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கீழே வரிசையாக ஒரே தீர்ப்பு: "சேணம் போடாமல் ஏறினால் இப்படித்தான்." அதற்கு எத்தனை லைக்!

பெரியோர்களே, அந்தப் பிள்ளை சேணம் இல்லாததால் விழவில்லை. குதிகாலால் இறுக்கியதால் விழுந்தாள்.

சத்தத்தை அணைத்துவிட்டு மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள். குதிரை நடையிலிருந்து ட்ராட்டுக்கு, அதாவது குலுக்கிப் போகும் சிறு ஓட்டத்துக்கு, மாறுகிறது. குலுக்கல் வந்ததும் பிள்ளை பயந்துபோய் முழங்காலை மேலே இழுத்து, இரண்டு குதிகாலையும் விலாவில் அழுத்துகிறாள். பழக்கிய குதிரைக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: போ. போகிறது. அவள் இன்னும் இறுக்குகிறாள். விழாமல் இருக்கக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கவும் செய்கிறாள். வாயில் இரும்பு இழுபட்டதும் குதிரை தலையைத் தூக்குகிறது, முதுகு பள்ளமாகிறது, குலுக்கல் கூடுகிறது. விலாவில் "போ", வாயில் "நில்". வாயில்லா ஜீவன் எதைத்தான் கேட்கும்? அதன் காது பின்னால் மடிந்து கிடப்பதையாவது யாராவது கவனித்தீர்களா? வளைவில் அது வலப்பக்கம் திரும்பியது, பிள்ளை இடப்பக்கம் சரிந்துவிட்டாள்.

சேணம் இருந்திருந்தால் பிடிமானம் கொஞ்சம் கிடைத்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே குதிகாலுக்கு அதே ஓட்டம்தான். கூடவே, விழும்போது கால் அங்கவடியில், அதாவது சேணத்தில் கால் வைக்கிற வளையத்தில், மாட்டித் தரையில் இழுபடும் ஆபத்தும் இருந்திருக்கும். குற்றம் குதிகாலில். அந்தக் குதிகாலுக்கு ஒன்றும் சொல்லித்தராமல், காசை வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்ட ஆளிடம்.

வெறும் முதுகில் உட்கார முறை இருக்கிறது. மேடை போட்டு ஏற வேண்டும், இல்லை ஒருவர் முழங்காலைத் தாங்கித் தூக்கிவிட வேண்டும். இடது கையில் வாரோடு சேர்த்து ஒரு கொத்துப் பிடரி மயிர். வலது கால் குதிரையின் பின்புறத்தில் இடிக்காமல் சுற்றி வர வேண்டும். தொப்பென்று விழாமல் மெல்ல உட்கார வேண்டும். கழுத்து முடிகிற இடத்தில் ஒரு எலும்பு மேடு இருக்கும். அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள தாழ்வுதான் இடம். அதைத் தாண்டி இடுப்புப் பக்கம் போனால் குதிரைக்கு வலி, உங்களுக்கும் இரட்டைக் குலுக்கல். தொடை தொங்கட்டும், கணுக்கால் தளரட்டும். இடுப்பு குதிரையின் நடையோடு போய்வர வேண்டும். முதல் சில பாடங்களில் வாரே கையில் வேண்டாம்: பயிற்சியாளர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்துவார், நீங்கள் பிடரியையோ கழுத்தில் கட்டிய பட்டையையோ பிடித்துக்கொண்டு 10 நிமிடம். நடை மட்டும். ட்ராட்டைவிட அடுத்த வேகமான கேன்டர் உட்காரச் சுகமானது, ஆனால் கேன்டரிலிருந்து மறுபடி ட்ராட்டுக்கு இறங்கும் அந்த ரெண்டு மூன்று அடியில்தான் பலர் கீழே போகிறார்கள்.

குதிரையும் முக்கியம். ரேஸிலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனப் பந்தயக் குதிரை பலவற்றுக்கும் அந்த மேட்டு எலும்பு கத்திபோல நிற்கும். அதில் வெறுமனே உட்கார்ந்தால் இருவருக்கும் தண்டனை. டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில் பார்க்கிற பசுத்தோ குதிரை சுமார் 14 கை உயரம், அதாவது 140 சென்டிமீட்டரை ஒட்டி. குட்டைதான். விழுந்தாலும் தூரம் குறைவு! சானி பாஸ் கணவாய்க்கு மேலே, லெசோத்தோவில், ஆடுமாடு மேய்க்கிற பையன்கள் அதன் மேல் ஒரு கம்பளியோ, அதுவும் இல்லாமலோ மலை ஏறி இறங்குகிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் உங்கள் தீர்ப்பை.

"குதிரைக்கு முதுகு வலிக்காதா?" நியாயமான கேள்வி. வலிக்கும், அளவு மீறினால். சேணத்துக்குள் இருக்கும் கெட்டியான சட்டம் நம் எடையை முதுகின் இரண்டு பக்கமும் பரப்பிவிடும். அது இல்லாதபோது நம் பிட்டத்தின் இரண்டு எலும்பு முனைக்குக் கீழேதான் அழுத்தம் குவியும். அதனால்தான் நேரம் குறைவாக இருக்க வேண்டும், 15, 20 நிமிடம் போதும். குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதே என்பது பொதுக் கணக்கு. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. வெறும் முதுகுக்கு அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. இளங்குட்டி, மெலிந்து முதுகெலும்பு தெரிகிற குதிரை, கிழட்டுக் குதிரை, இவை வேண்டவே வேண்டாம். ஏறுமுன் முதுகு முழுக்கக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். நம் கடற்கரைப் பக்கத்தில் உண்ணி அதிகம், அது கொண்டுவருகிற பிலியரி காய்ச்சல் குதிரையைச் சாய்த்துவிடும்.

"அப்போ சேணத்தை எதுக்குக் கண்டுபிடிச்சான்?" போருக்கு, தூரப் பயணத்துக்கு, வேலைக்கு. நீங்கள் போருக்கா போகிறீர்கள்?

இன்னொரு மேதாவி, அங்கவடி வைத்த துணி மெத்தை வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். மெத்தைக்குள் சட்டம் கிடையாது. ஒரு பக்க அங்கவடியில் கால் ஊன்றினால் முழுதும் சுழன்று வயிற்றுக்கடியில் போய்விடும், நீங்களும் கூடவே. மெத்தை போடுங்கள், அங்கவடி இல்லாததாகப் போடுங்கள். வழுக்குகிற துணியில் பேன்ட் வேண்டாம். உள்தொடையில் தடித்த தையல் உள்ள ஜீன்ஸும் வேண்டாம், தோல் உரிந்துவிடும். பளபளவென்று தேய்த்துவிட்ட முதுகும் வியர்த்த முதுகும் எண்ணெய் கொட்டிய தரைதான்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்பீர்கள். ஜூலை மாதக் காலையில், புல்லில் உறைபனி இருக்கும்போது, 38 டிகிரிச் சூட்டில் ஒரு உயிர் உங்கள் தொடைக்கடியில் மூச்சு விடுகிறது. பின்னங்கால் எது எப்போது ஊன்றுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். குதிரை மிரளப்போகிறது என்றால் அதன் முதுகு ஒரு நொடி முன்னாலேயே கல்லாக இறுகும், உங்களுக்குத் தெரிந்துவிடும். தடித்த தோல் சேணத்தின் மேல் அந்தச் சேதி பாதிதான் வந்து சேரும்.

நம் ஆட்களுக்குக் குதிரை என்றால் கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை ரேஸ், 2200 மீட்டர், எந்த நம்பரில் போடலாம். 1897இலிருந்து நடக்கிற ரேஸ், தப்பில்லை. புதுச் சட்டை, தொப்பி, செல்ஃபி. ஆனால் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று ரேஸ் பார்க்காமல் குதிரை மேலேயே ஏற ஆசைப்பட்டால், "பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையா?" அதுவும் யார் எழுதியது? ஆயாக்கள் இல்லை, என் வயசுக்காரர்கள். "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு" என்றும் ஒருவர். மணிக்கட்டில் கட்டோடு வீட்டில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை இதையெல்லாம் படிக்குமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா? பையன் விழுந்திருந்தால் "சிங்கக்குட்டி, திரும்ப ஏறுடா" என்று எழுதியிருப்பீர்கள்.

ஒழுக்கம் பேசினீர்கள், கர்மா பேசினீர்கள், சேணத்தின் விலைகூடப் பேசினீர்கள். வீடியோ முழுக்க அந்தப் பிள்ளை தலையில் ஹெல்மெட் கிடையாது. அத்தனை கமெண்டில் அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.