கை நடுங்கவில்லை ஐயா, காற்றுதான் நடுங்குகிறது

"பூநாரைப் படம் ஏன் இப்படிக் குழைந்து கிடக்கிறது, ஒரு முக்காலி வாங்கக் கூடாதா?" என்று இனி எவராவது கேட்டால், பழவேற்காடு ஏரியைக் குறுக்கே பிளந்துகொண்டு சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் அந்தத் தார்ச்சாலையின் ஓரத்தில், உச்சிவெயிலில் அவரை நிறுத்திவைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். முக்காலி என்னிடம் இருக்கிறது. 600 மி.மீ. லென்ஸும், அதற்காக இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் மாதத் தவணையும் இருக்கின்றன.

அரை கிலோமீட்டருக்கு அப்பால் நூற்றுக்கணக்கான பூநாரைகள் நிற்கின்றன. வெறுங்கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்தக் கூட்டம், லென்ஸ் வழியே பார்த்தால் வெந்த சேமியாவைக் கால்களாக நட்டுவைத்த இளஞ்சிவப்புக் கூழாக மாறிவிடுகிறது. கேமராவின் தானியங்கிக் குவியம் (ஆட்டோஃபோகஸ்) எதைப் பிடிப்பதென்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடுகிறது. நொடியில் 3200-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தாலும், கோணிய பறவை கோணியபடியே உறைகிறதே தவிர நிமிர்வதில்லை.

காரணம் மிக எளியது. சேறும் ஆழமற்ற நீரும் தாரும் வெவ்வேறு அளவில் சூடேறி, மேலிருக்கும் காற்றைத் திட்டுத்திட்டாகச் சூடாக்குகின்றன. ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்குக் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது என்றாலும், அத்தகைய எண்ணற்ற திட்டுகளை அரை கிலோமீட்டர் தூரம் கடந்து வரும் ஒளி வளைந்து நெளிந்துதான் வந்து சேரும். லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு என் கையின் ஆட்டத்தைச் சரிசெய்யலாம். பறவையின் தலை இடப்புறமும் கால் வலப்புறமும் ஒரே நேரத்தில் விலகுவதை அது என்ன செய்ய முடியும்? (கடற்கரைச் சோலைக்கும் பொய்நீருக்கும் கானல் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே, அது தற்செயலா என்ற ஐயம் அங்கே நிற்கும்போதெல்லாம் எழுகிறது.)

இதைவிட எரிச்சலூட்டுவது அறிவுரை. "விடியற்காலையில் போங்கள், காற்று தெளிவாக இருக்கும்" என்றார்கள். மார்கழிக் குளிரில் நள்ளிரவு தாண்டியதும் எழுந்து, வண்டியோட்டிச் சென்று, வெளுக்கும் முன்பே காத்திருந்தேன். முந்தைய பகலின் சூட்டை நீர் இன்னும் விடாமல் வைத்திருக்க, கரையிலிருந்து வந்த குளிர்காற்று அதன்மேல் படிந்ததும் அதே நெளிவு தொடங்கியது. நிலத்தில் பலிக்கும் அறிவுரை நீரின்மேலும் பலிக்கும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? போதாக்குறைக்கு, வண்டிக்குள்ளிருந்தே எடுத்த படங்களில் திறந்த கண்ணாடி வழியே வெளியேறிய வெதுவெதுப்பான காற்றும் தன் பங்குக்குக் கெடுத்திருந்தது.

அடுத்து ஒருவர், லென்ஸ் பழுதாக இருக்கும் என்றார். பழுதுபார்க்கும் இடத்தில் கொடுத்து இரண்டு வாரம் காத்திருந்ததில், குறையொன்றும் இல்லை என்ற சீட்டும் கட்டண ரசீதும் கிடைத்தன. மற்றொருவர், லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரைப் பரிந்துரைத்தார். நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை போலும்! காற்றின் நடுக்கத்தைத் தொலைநோக்கிகளால் வெல்ல முடியாது, உயர்ந்த மலையுச்சிகளின் அமைதியான காற்றைத்தான் நாட வேண்டும் என்று நியூட்டன் 1704-இலேயே எழுதிவிட்டார். பூநாரைகள் மலையுச்சிக்கு வருவதில்லை என்பதுதான் என் சிக்கல்.

மென்பொருளில் கூர்மையாக்கலாம் என்பவர்களுக்கும் ஒரு சொல். அது காணாமற்போன இறகை மீட்டுத் தருவதில்லை. இறகு போன்ற ஒன்றைத் தானே வரைந்து ஒட்டுகிறது. அதைப் பறவையின் படம் என்று காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சென்ற முறை எடுத்த 1,100 படங்களில் தேறியது ஒன்றே ஒன்று. மேகம் மூடிய சில நிமிடங்களில், சாலையோரப் பள்ளத்தில் பதினைந்து மீட்டர் தொலைவில் நின்றிருந்த மடையான். அலகின் நுனியில் தொங்கிய நீர்த்துளி வரை தெளிவாக இருக்கிறது. வீட்டில் அதைப் பார்த்த மைத்துனர், "இதை எங்கள் தெருக் குளத்திலேயே எடுத்திருக்கலாமே" என்றார்.