இருட்டுல விசில் அடிக்கிறது யாருன்னு தெரிஞ்சிருச்சு

மூணு வாரமா விடியறதுக்கு முன்னாடி கொல்லைப்பக்கத்துல இருந்து ஒரு விசில். "வீ...ட்-டியூ"ன்னு ரெண்டே சத்தம், முதல்ல இழுத்து மேல போய் டக்குன்னு இறங்கும், கொஞ்சம் கேப் விட்டு மறுபடியும், நல்லா வெளிச்சம் வந்துட்டா கப்சிப். போய்ப் பாத்தா காஞ்ச சருகு மட்டும்தான் கிடக்கும்.

குயிலான்னு பாத்தேன், ஆனா குயில் கூவக் கூவ சுருதிய ஏத்திக்கிட்டே போகும், இது ஏத்தவே இல்ல. குண்டுக்கரிச்சான்னா மெட்டை மாத்தி மாத்திப் பாடும், பக்கிங்கிற ராத்திரிப் பறவை "சக் சக் சக்"னு வேகம் பிடிச்சு முடிக்கும், புள்ளி ஆந்தை கரகரன்னு சண்டை போடும். எதுவும் ஒத்து வரல. அப்புறம் கேட்ட நேரத்தை எல்லாம் நோட்டுல எழுத ஆரம்பிச்சேன், காலைல ஆறுக்குக் கிட்ட, சாயங்காலமும் ஆறுக்குக் கிட்ட, அப்பதான் பொறி தட்டுச்சு. ஆறுமணிக்குருவி! பேரு வச்சவங்க காதால கேட்டே வச்சிருக்காங்க. தோட்டக்கள்ளன்னும் சொல்லுவாங்க, அதுவும் சரிதான், தரையில சருகைப் புரட்டிப் பூச்சி தின்னுக்கிட்டு நிழலுக்குள்ளயே திரியிற பறவை, கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர்தான், குட்டை வால், பச்சை முதுகு, தோள்ல பளிச்சுனு நீலம், வாலுக்கடியில ரத்தச் சிவப்பு, இத்தனை கலர வச்சுக்கிட்டும் கண்ணுல சிக்காது. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு குளிர்காலத்துக்கு தெற்க, இலங்கை வரைக்கும் ராத்திரியில பறந்து வருது.

மெர்லின் ஆப்ல 2021ல இருந்து சத்தத்தை வச்சே பறவையக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கு, சத்தத்தை ஒரு படமா மாத்தி அதைத்தான் அது படிக்குது. நானும் கடைசியா அதுல சரிபாத்தேன், நல்ல விஷயம்தான். ஆனா முதல் நாளே போனை நீட்டாதீங்கன்னுதான் சொல்லுவேன், நாலு நாள் காதால கேட்டு, எத்தனை சத்தம், ஏறுதா இறங்குதா, எத்தனை மணிக்குன்னு எழுதிட்டு அப்புறம் ஆப்கிட்ட கேளுங்க. அப்படிப் பழகின குரல் மறக்காது.

எனக்குக் கோவம் வர்றது வேற ஒண்ணுல. ஒரு போட்டோவுக்காக அதே குரலை ஸ்பீக்கர்ல போட்டு வெளிய வரவழைக்கிறாங்க. தன் இடத்துக்குள்ள இன்னொண்ணு நுழைஞ்சிருச்சுன்னு பதறித்தான் அது வருது, அவ்வளவு தூரம் பறந்து வந்து இரை தேட வேண்டிய நேரத்துல இல்லாத எதிரியத் தேடி அலையுது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பாக்கலைன்னாலும் பரவால்ல, குரல் கேட்டாலே அது இருக்குன்னு உறுதிதானே, பறவைக் கணக்கெடுக்கிறவங்களும் கேட்டதைக் கணக்குல சேக்கத்தான் செய்றாங்க.

நான் இன்னும் அதை ஒரு தடவகூடப் பாக்கல. இன்னைக்கு 5:50க்குக் கூப்பிட்டுச்சு, வேலிக்கு அந்தப் பக்கம் தூரத்துல இருந்து இன்னொண்ணு பதில் கொடுத்துச்சு. ரெண்டு இருக்கு!