பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்குமாம்

கால் வீங்கியிருக்கா? பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும். மூச்சு வாங்குதா? ராத்திரி தூக்கமில்லை, அப்படித்தான் இருக்கும். பெற்றவள் என்ன சொன்னாலும் நம் வீடுகளில் இந்த ஒரே பதில்தான். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.

கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகும்வரை இதயத் தசை பலவீனமாகும் நோய் ஒன்று வரலாம். பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்பார்கள். அரிதுதான். ஆனால் கால் வீக்கம், களைப்பு, மூச்சு வாங்குவது என்று நாம் தள்ளிவிடுகிற அதே சங்கதிகள்தான் அதன் அறிகுறிகளும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, தலையணையை அடுக்கிச் சாய்ந்தால்தான் தூக்கம் வருகிறதா, ராத்திரியில் இருமல் எழுப்புகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். எக்கோ (இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்) எடுத்தால் தெரிந்துவிடும். நெஞ்சு வலியோ, உட்கார்ந்தபடியே மூச்சுத்திணறலோ என்றால் உடனே 995, அதாவது சிங்கப்பூர் ஆம்புலன்ஸை அழையுங்கள். பத்தியக் குழம்பும் பூண்டும் இதற்கு மருந்தில்லை (பூண்டுமேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை).

இன்னொன்று டகோட்சுபோ. 1990இல் ஜப்பான் மருத்துவர்கள் விவரித்தது. கடும் அதிர்ச்சி, பயம், துக்கம், உடல் வேதனை, இவற்றில் அட்ரினலின் பொங்கி, இதயத்தின் இடது கீழறை ஒரு பக்கம் உப்பிச் சரியாகச் சுருங்காமல் போய்விடும். மாரடைப்பு மாதிரியே வலிக்கும், ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது. ஆனால் பிரசவத்தை ஒட்டி, குறிப்பாக சிசேரியனுக்குப் பிறகும் வந்திருக்கிறது. பலருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முதல் சில நாட்கள்தான் கண்டம்.

அதற்காக, மனசைத் தைரியமாக வைத்துக்கொண்டால் ஒன்றும் வராது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். முதலில் சொன்ன நோய்க்கு ரத்த அழுத்தம், இரட்டைப் பிள்ளை, 30 வயதைத் தாண்டிய கர்ப்பம், மரபணு என்று வேறு கணக்குகள் உண்டு. படபடப்பு என்று வருபவளை 'வெறும் டென்ஷன்' என்று திருப்பி அனுப்புவதும் இதே தப்புதான்.

இங்கே சிங்கப்பூரில் 2025 ஏப்ரலிலிருந்து, குடியுரிமை உள்ள பிள்ளையின் தகப்பனுக்கு நான்கு வார விடுப்பு கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் அவர் வேலைக்குத் திரும்பி, ஊரிலிருந்து வந்த அம்மாவும் விசிட் பாஸ் முடிந்து கிளம்பிய பிறகும் அந்த ஐந்து மாதத்தில் இன்னும் பாக்கி இருக்கும். அப்போது வீட்டில் அவளும் குழந்தையும் மட்டும். பார்க்க வருகிற நாமோ, பால் பத்துதா, பிள்ளை ஏன் இளைச்சிருக்கு என்று கேட்டுவிட்டுப் போகிறோம்.

பிறந்த சில நாளிலேயே மஞ்சள் காமாலை பார்க்கப் பிள்ளையைப் பலதுறை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் இல்லையா? தாயின் பரிசோதனைக்குப் பெரும்பாலும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இருந்தவளுக்கு 10 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2018இலேயே சொல்லிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கே, அம்மாவின் கையிலும் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.