பி.எச். பார்த்தால் போதுமா?
"நொய்யல் ஆற்றுத் தண்ணீரில் இப்போது நிறமில்லை, பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 7.5, தாராளமாகப் பாய்ச்சலாம்" என்று சொல்வது தவறான வழிகாட்டல். திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் தேங்கிய அணை உள்ள ஒரத்துப்பாளையம் பகுதியில் விவசாயத்தைக் கெடுத்ததில் சாயத்தின் நிறத்தைவிட உப்புக்கே பங்கு அதிகம். உப்பு கண்ணுக்குத் தெரியாது, பி.எச். அளவிலும் சிக்காது. மின்கடத்துதிறனைப் பாருங்கள், உப்பு கூடக் கூட அது கூடும்: ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல்படி மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் என்றால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு தேவை. பிறகு சோடியம் ஈர்ப்பு விகிதம், அதாவது கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்ற கணக்கு. அது கூடினால் களிமண் இறுகி, நீர் உள்ளே இறங்காது. (விகிதம் ஒன்றாகவே இருந்தாலும், மொத்த உப்புக் குறைந்த நீரில்தான் இந்தத் தொல்லை அதிகம்!) ஜிப்சம் சோடியத்தால் வரும் தொல்லையைக் குறைக்கத்தான் உதவும், மொத்த உப்பைக் குறைக்காது. வெள்ளத்தில் உப்பு நீர்த்துப்போவதால், அந்தக் காலத்து நீர் மாதிரியை மட்டும் நம்ப வேண்டாம், கோடையிலும் ஒன்று எடுத்துச் சோதியுங்கள்.